சாமிக்கு விட்ட முடி

பத்தாவது படிக்கையில் என் இஷ்டப்படி இருந்தது தலைமுடி ஒன்றுதான். சட்டை சித்தப்பா எடுத்தது. செருப்பு அப்பா போட்டுச் சலித்தது. எந்தப் பள்ளிக்கூடம், எந்த பஸ், லீவு நாளில் எந்தக் காட்டில் களை எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் வீட்டில் பேசி முடித்துவிட்டு எனக்குத் தகவல் சொல்வார்கள். முடி மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்தது. அதனால் அதன் மேல் எனக்கு ஒரு மரியாதை.

முன்பக்கம் நீளம். இரண்டு பக்கமும் ஒட்ட வழிப்பு. நீளத்துக்கும் வழிப்புக்கும் நடுவில் பிளேடால் ஒரு கோடு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சலூன் வைத்திருந்த அண்ணாச்சி போட்ட கோடு. அதைப் பார்க்க வழியில் உள்ள கடைக் கண்ணாடி ஒவ்வொன்றிலும் நிற்பேன். ஒருமுறை நகைக்கடை வாட்ச்மேன் வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், கோடு பார்த்தேன் என்றேன். அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் நடுவில். மழை பெய்தால் கரிசல் காலோடு வரும். மழை இல்லாவிட்டால் நிலம் வெடித்து கால் உள்ளே போகும். அந்த ஊரில் என் கோட்டைப் பார்க்க ஆள் கிடையாது. ஆடுகள் பார்க்கும். ஆனால் பஸ்ஸில் ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை வரும். கோட்டில் பாதி அந்தப் பிள்ளைக்காக. மீதி எனக்காக.

பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் காலைப் பிரேயருக்குக் கத்தரிக்கோலோடு வருவார். நீளமாக முடி வைத்திருப்பவனைப் பிடித்து நடுமண்டையில் ஒரே ஒரு வெட்டு. அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் மெனக்கெட மாட்டார். மாடு ஒரு வாய் மேய்ந்த மாதிரி மண்டையோடு எவன் திரிவான்? சாயங்காலம் அவனே போய் மொத்தத்தையும் வெட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை என் முறை வந்தது. சார் என் முன்முடியைக் கொத்தாகப் பிடித்தார். கத்தரி வாயைத் திறந்தது. என் வாயும் திறந்தது.

"சார், சாமிக்கு விட்டிருக்கேன் சார்."

அப்படி ஒரு வாக்கியம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. சார் பிடியை விட்டார்.

"எந்தச் சாமிக்குலே?"

"சாஸ்தாவுக்கு."

"எப்பம் எடுக்க?"

"பங்குனி உத்திரத்துக்கு சார்."

எங்கள் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலசாமியாக ஒரு சாஸ்தா இருப்பார். வருசம் பூராவும் மறந்திருந்துவிட்டு பங்குனி உத்திரத்துக்கு வேன் பிடித்துக் கும்பிடப் போவோம். சாருக்கும் ஒரு சாஸ்தா இருந்தார் போலிருக்கிறது. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். கத்தரிக்கோல் கையில் இருந்ததை மறந்துவிட்டார். நூலிழையில் காது தப்பியது. அடுத்தவனிடம் போய்விட்டார்.

எட்டு மாசத்துக்கு என் முடிக்கு பட்டா கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு வாரத்தில் வகுப்பில் பாதிப் பேர் சாமிக்கு முடி விட்டிருந்தார்கள். ஒருத்தன் வேளாங்கண்ணிக்கு விட்டிருக்கிறேன் என்றான். அவன் வீட்டில் யாரும் சர்ச் பக்கமே போனதில்லை. ஹெட்மாஸ்டர் விவரமானவர். வேண்டுதல் உள்ளவன் எல்லாம் வீட்டில் எழுதி வாங்கி வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். மற்ற சாமிகள் மறுநாளே சலூனுக்குப் போயின. நான் மட்டும் ஒரு பேப்பரோடு அம்மாவிடம் போனேன்.

அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். எதுக்கு நேர்ந்தாய் என்று கேட்டாள். படிப்பு வரணும்னு என்றேன். அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என்னை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. வேறு எவளோ பெற்ற நல்ல பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அப்பாவிடம் சொன்னாள். அப்பா மக்காச்சோளத்தில் புழு விழுந்த கவலையில் இருந்தார். "அதாச்சும் வளரட்டும்" என்றார்.

நான் செய்த தப்பு இங்கேதான். சாமிக்கு விட்ட முடிக்குச் சட்டம் உண்டு என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

அந்த முடியில் கத்தரி படக்கூடாது. பிளேடு படக்கூடாது. ஓரம் ஒதுக்குகிறேன், பக்கம் குறைக்கிறேன் என்பதெல்லாம் கிடையாது. தாடி மீசைக்கும் அதே சட்டம். எனக்குத் தாடி என்று இருந்தது மொத்தம் பதினைந்து முடி. அதுவும் சாமிக்குப் போயிற்று. ஒரு மாசத்தில் கோடு மூடிவிட்டது. இரண்டு மாசத்தில் பக்கத்து முடி காதை மூடியது. தினமும் காலையில் அம்மா ஒரு கை எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்த்துவிடுவாள். கண்ணாடிகளில் நிற்பதை நிறுத்திவிட்டேன். நகைக்கடை வாட்ச்மேன் என்னை அடையாளம் தெரியாமல் கும்பிட்டார்.

இதோடு கறியும் நின்றது. மீன் நின்றது. முட்டை நின்றது. பரோட்டா சாப்பிடலாம், சால்னா கூடாது. சீனி தொட்டு பரோட்டா தின்றவன் எங்கள் செட்டில் நான் ஒருத்தன்தான்.

பஸ்ஸில் எல்லோரும் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருநாள் அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தானாக என்னிடம் வந்தது. ஒரு வருசமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். அது சொன்னது இதுதான்:

"அண்ணே, நாளைக்குக் கணக்குப் பரீட்சை. எனக்கும் சேத்து வேண்டிக்கோங்கண்ணே."

வேண்டிக்கொள்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல? அந்தப் பிள்ளை பாஸ். நான் பெயில்.

இதுவரைக்கும் சமாளித்திருப்பேன். அம்மா ஒரு வேலை செய்தாள். எனக்கு எட்டு வயசு மூத்தவள் அக்கா. கயத்தாற்றில் கட்டிக் கொடுத்திருந்தது. மச்சான் ரோட்டு மேல் லாரிகளுக்கு டயர் பஞ்சர் பார்க்கிற கடை வைத்திருந்தார். கல்யாணமாகி ஐந்து வருசம், பிள்ளை இல்லை. அக்காவின் மாமியார் அதை மழை இல்லை என்று சொல்வதுபோல் தினமும் ஒரு தடவை சொல்வார். தம்பி முடி விட்டிருக்கிறானே, அந்த வேண்டுதலோடு இதையும் சேர்த்துவிடுவோம் என்று அம்மா விளக்கேற்றிச் சேர்த்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. முடி என் தலையில்தான் இருந்தது. அதற்கு மேல் எனக்கு அதில் பாத்தியதை இல்லை.

கார்த்திகையில் அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்தது.

அன்றைக்கு அம்மா என் தலையைத் தொட்டுக் கும்பிட்டாள். பெற்ற அம்மா நம் தலையைத் தொட்டுக் கும்பிட்டால் ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. ஊரில் பொம்பளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி கைப்பிள்ளையைக் கொண்டுவந்து திருநீறு பூசச் சொன்னாள். பூசினேன். பிள்ளை அலறியது. அதற்கு விவரம் இருந்தது.

எனக்கு அப்போது ஒரே ஒரு ஆசைதான். பத்தாவது முடிகிற வருசம் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுப்போம். பையன்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் சட்டை தைப்பார்கள். மாசியில் எடுப்பதாகப் பேச்சு. அந்தப் போட்டோவில் நான் நானாக நிற்க வேண்டும். கோடு வேண்டும். அதற்குப் பிறகு என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களா என்பதே சந்தேகம். போட்டோவில் எண்ணெய் வழியும் சாமியாராக நின்றால் காலத்துக்கும் அதுதான் நான். ஆகையால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் சொல்ல தைரியம் இல்லை. அக்காவிடம் சொன்னால் அவள் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுவாள்.

பொங்கலுக்கு முன்பே போயிருக்க வேண்டிய பொங்கல்படிச் சீரை, பொங்கல் கழிந்த மறுநாள் கொண்டுபோகும் சாக்கில் கயத்தாற்றுக்குப் போனேன். ஒரு கட்டுக் கரும்பு, மஞ்சள் குலை, அரிசி, பானை. பஸ்ஸில் எழுபது வயசு ஆள் ஒருத்தர் என்னைப் பார்த்து எழுந்து இடம் விட்டார். மலைக்குப் போய்விட்டு வருகிற சாமி என்று நினைத்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். கரும்பு கனம்.

அக்காவின் மாமியார் வாசலுக்கே வந்து வரவேற்றார். முன்பெல்லாம் நான் போனால் தலையைத் திருப்பி, வந்துட்டான் என்று உள்ளே குரல் கொடுப்பார், அவ்வளவுதான். இப்போது நாற்காலி போட்டார். கறி மணக்கக்கூடாது என்று அன்றைக்கு வீட்டில் கறியே எடுக்கவில்லை என்றார். பொங்கலுக்கு மறுநாள் கறி இல்லாத வீடு கயத்தாற்றில் அது ஒன்றாகத்தான் இருக்கும். மச்சான் என்னைப் பார்த்த பார்வை அதனால்தான் என்று நினைத்தேன்.

மத்தியானம் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் அக்கா கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

"யக்கா, முடி சாமிக்கு விட்டதில்ல."

"பொறவு?"

"எனக்கு விட்டது."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்க நேரமானது.

"தெரியும்லே. பரீட்சைக்கே சாமி கும்பிடாதவன் நீ. அம்மைதான் நம்புவா."

அம்மாவிடம் சொல்லி, மாசிக்குள் முடியை வெட்ட ஏற்பாடு செய் என்றேன். போட்டோ விஷயத்தைச் சொன்னேன். கோடு விஷயத்தையும் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அரிவாளைக் கீழே வைத்தாள்.

"சொல்லாத" என்றாள்.

பிறகு சொன்னாள். ஒன்றரை வருசமாகத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவிடம் போகிறார்கள். போகிற நாளில் வீட்டில் டயர் எடுக்கப் போவதாகச் சொல்வது. டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள். அக்காவுக்கு ஒன்றும் இல்லை. மாத்திரை மச்சானுக்குத்தான். மாத்திரை டப்பா கடையில் கிரீஸ் டின்களுக்கு நடுவே இருக்கும். கிரீஸ் டின்னை மாமியார் தொட மாட்டார்.

"அஞ்சு வருசமா இந்த வீட்டுல எனக்குத்தான் குறைன்னு பேச்சு. நான் கேட்டுக்கிட்டு இருந்துட்டேன். அவியளுக்குன்னு வெளிய தெரிஞ்சா அவிய கடை தொறக்க மாட்டாவலே. ரோட்டு மேல கடை. வாறவன் போறவன் எல்லாம் கேப்பான். சாமி குடுத்துச்சுன்னே இருக்கட்டும். அதுல சாமிக்கு என்ன குறைஞ்சிரப் போவுது?"

சாமிக்கு ஒன்றும் குறையாது. எனக்குத்தான் குறைந்தது. அதைச் சொன்னேன்.

"போட்டோ ஒரு நாள்ல எடுத்துருவாவ. அப்புறம் யாரும் பாக்க மாட்டாவ" என்றாள்.

"நான் பாப்பேன்."

அக்கா அரிவாளை எடுத்தாள். ஒரு துண்டு கரும்பைச் சீவிக் கொடுத்தாள். இதை அம்மாகிட்டகூட சொல்லலை என்றாள். நான் கரும்பைத் தின்றேன்.

அதுவரை பெரியவர்கள் என்னிடம் பேசியது போ, வா, தின்னு, படி. பேசினால் அதற்கு மேல் போகாது. ஒரு குடும்பத்துச் சங்கதியை என் கையில் கொடுத்து வைத்துக்கொள் என்று யாரும் சொன்னதில்லை. திரும்புகிற பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். பெருமை ஒன்றும் இல்லை. எரிச்சலாக இருந்தது. அடுத்தவர் மாத்திரை டப்பாவுக்கு என் தலைதான் மூடியா என்று இருந்தது.

மாசி வந்தது. போட்டோவுக்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகச் சலூனுக்குப் போனேன். என்ன ஆனாலும் சரி என்று போனேன். வெட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பாள். எங்கே உண்மையைச் சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லிக்கொள்வோம், பிள்ளைதான் வயிற்றுக்கு வந்துவிட்டதே, இனி எவன் கேட்கப் போகிறான் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துப் பேசினேன்.

சலூன் அண்ணாச்சிக்கு என் சாமி விவகாரம் தெரியாது. துணியைப் போர்த்தினார். தண்ணீர் பீய்ச்சினார். முடியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னலே இது, பனங்காட்டுல கிடந்தியா? பழைய கோடுதான?"

ஆமாம் என்று சொல்ல வேண்டும். கண்ணாடியில் என்னையே பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரிந்த ஒரு ஆள் அதில் இல்லை. எண்ணெய் பிசுக்கு, பதினைந்து தாடி, பயந்த கண். கத்தரி காதோரம் வந்தது. சாமி ஞாபகம் வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வரவில்லை. மச்சான் கடை ஞாபகம்தான் வந்தது. நான் முடியை வெட்டினால் அம்மா பதறிக் கயத்தாற்றுக்கு போன் போடுவாள். வேண்டுதல் கெட்டது என்று மாமியார் குதிப்பார். பிள்ளைக்கு ஆபத்து என்று அக்காவைப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது அக்கா வாயைத் திறந்தே ஆக வேண்டும். ரோட்டு மேல் அந்தக் கடை, அந்தக் கிரீஸ் டின், ஷட்டர் இறங்கியபடி.

எழுந்துவிட்டேன். போர்த்தியிருந்த துணியை உருவி அவர் கையில் கொடுத்தேன்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"வேண்டாம்னா தண்ணி அடிக்கதுக்கு முன்னால சொல்லணும்லே, மூதி."

நியாயம்தான். ஈரத் தலையோடு வீட்டுக்குப் போனேன். மழையா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். மாசி மாதம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. அம்மா துண்டை எடுத்துத் துவட்டிவிட்டாள். சாமி முடி, நனைந்தால் நனைந்தது.

போட்டோவில் நான் கடைசி வரிசையில் ஒளியப் பார்த்தேன். பி.டி. சார் விடவில்லை. சாமி முன்னால வா என்று இழுத்து வாத்தியார்கள் வரிசையில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். இன்றைக்கும் அந்தப் போட்டோவைப் பார்க்கிறவர்கள் என்னைக் காட்டி, இவர் என்ன பாடம் எடுத்தார் என்று கேட்கிறார்கள்.

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு குடும்பமும் ஒரே வேனில் போனோம். அக்காவுக்கு ஏழாம் மாசம் நெருங்கியதால் அவள் வரவில்லை. சாஸ்தா கோவில் உடைமரக் காட்டுக்குள் இருக்கிறது. பக்கத்தில் வற்றிய கண்மாய். முடி எடுக்கிறவர் ஒரு பலகையைப் போட்டு உட்காரச் சொன்னார். தலையில் தண்ணீரை ஊற்றினார். எட்டு மாச முடி பத்து நிமிசத்தில் மடியில் விழுந்தது. அம்மாவும் அக்காவின் மாமியாரும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எம்பேரனுக்காக எடுத்த முடி என்று மாமியார் அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குச் சொன்னார். பேரன்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அந்த வருசம் நான் எதையும் கேட்கவில்லை.

சந்தனம் பூசினார்கள். தொட்டுப் பார்த்தேன். என் மண்டை பின்பக்கம் சப்பை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினாறு வருசம் கூடவே இருந்திருக்கிறது.

மச்சான் கொஞ்சம் தள்ளி நின்றார். கும்பிடவில்லை. திருவிழாக் கடைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தொப்பி. நீலம். அதை என் தலையில் வைத்தார்.

"வெயிலு, மாப்ள" என்றார்.

தொப்பி மேலேயே கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு வேன் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

அதன் பிறகு பரீட்சை. ஹால் டிக்கெட்டில் இருந்தது கோடு போட்டவன். அது ஆடிக்கு முன்னால் எடுத்த போட்டோ. உட்கார்ந்திருந்தது மொட்டை. மேற்பார்வைக்கு வந்த சார் மாறி மாறிப் பார்த்துவிட்டு காதை வைத்து அடையாளம் கண்டுபிடித்தார். கணக்கில் பெயில். படிப்பு வரணும்னுதான் முதலில் நேர்ந்தது என்பது அம்மாவுக்கே மறந்துவிட்டது. நானும் ஞாபகப்படுத்தவில்லை. கொஞ்ச நாளில் ஜேசிபி வண்டிக்கு ஹெல்பராகப் போனேன். இப்போது ஆபரேட்டர். கண்மாய் தூர், காற்றாலைக்குக் குழி, எல்லாம் தோண்டுவேன். முடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறேன். கரிசல் புழுதிக்கு அதுதான் தோது. நானே சொல்லித்தான் வெட்டுகிறேன். யாரும் பிடித்து வெட்டவில்லை.

அக்காவுக்குப் பையன் பிறந்தான். முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் நடக்கும். அதே கோவில், அதே பலகை. என் மடியில் உட்கார்ந்து கத்தினான். என்னிடம் இல்லாத தைரியம் அவனிடம் இருந்தது. வழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முடி எடுக்கிறவரைக் கடித்துவிட்டான்.

அக்காவின் மாமியார் இறந்துபோய் இரண்டு வருசம் ஆகிறது. மச்சான் கடை நன்றாக ஓடுகிறது. போன மாசம் போயிருந்தேன். லாரி டிரைவர் ஒருத்தர் ஸ்டூலில் உட்கார்ந்து கல்யாணமாகி நாலு வருசம் என்று புலம்பிக்கொண்டிருந்தார். மச்சான் டயரைக் கழற்றிக்கொண்டே, "பொண்டாட்டியக் குறை சொல்லாதீரும். போயி டாக்டரப் பாரும், நானும்தான் பாத்தேன்" என்றார். சர்வ சாதாரணமாகச் சொன்னார். நட்டு முறுக்குவதுபோல். எனக்குத்தான் கையில் இருந்த டீ ஆறிவிட்டது.

டிரைவர் போனபிறகு, அப்போ அந்த முடி விஷயத்தை நான் எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதிக்கோ, யார் பேரும் போடாதே என்றார். பிறகு கேட்டேன், பொங்கலுக்கு அக்கா என்னிடம் சொன்னது உங்களுக்கு எப்போது தெரியும் என்று.

"அன்னைக்கே தெரியும். நீ இந்தப் பக்கம் பஸ் ஏறுத, அவ அந்தப் பக்கம் வந்து எங்கிட்டச் சொல்லிட்டா. நீ எப்ப வாயத் தொறப்பியோன்னு ரெண்டு மாசம் நான் தூங்கல மாப்ள. நீ தொறக்கல, அதாம் தொப்பி வாங்குனேன்."

தொப்பி சின்னது. இரண்டாம் நாளே தையல் விட்டுவிட்டது. அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.